இரண்டு விரல் இடைவெளி

சதுரங்கப்பட்டினம்
3 டிசம்பர் 2024

தம்பி சைஃபுல்லாவுக்கு அக்கா ஷாஹிதா எழுதுவது. ஸலாம்.

உன் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கல்பாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்து மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர் உன் மச்சான். 'வா மச்சான், பனி காட்டுறேன்' என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனது நீ. மாமல்லபுரம் பட்டறையில் செதுக்கிய நாலு கல் யானையைக் கார்கிலில் ஏதோ ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டுப் பதினெட்டே நாளில் திரும்பிவிடுவோம் என்றாய். இன்றோடு இருபது. நம்ம ஊர் சிம் அங்கே எடுக்காதாம். வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுக் கடைக்காரர் போனில் இரண்டு நிமிஷம் பேசுகிறீர்கள், அதற்குள் பின்னால் பத்து டிரைவர்கள் நின்று கத்துகிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு நிமிஷத்தில் அடங்காது.

இங்கே புயல் அடித்து ஓய்ந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. கடல் காற்று கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று இருந்தது. நம் அம்மா எப்போதும் செய்வதுபோலப் பழைய புடவையைக் கிழித்து ஜன்னல் இடுக்கு, கதவடி எல்லாவற்றையும் அடைத்தோம். அதற்கப்புறம் துளிக் காற்று உள்ளே வரவில்லை. பிள்ளை இனாயா சுருண்டு படுத்துத் தூங்கினாள். அப்போதுதான் எனக்கு அந்த மனிதரின் நினைப்பு வந்தது. லாரியின் தகரக் கேபினில் பனிக்காற்றில் எப்படிப் படுத்திருக்கிறாரோ என்று அழுகையே வந்துவிட்டது.

கோவளம் தர்கா கந்தூரிக்கு அவர் எடுத்துத் தந்த பச்சை வாயில் புடவையை எட்டுப் பட்டையாகக் கிழித்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கேபின் இடுக்கு எல்லாவற்றிலும் நன்றாகத் திணியுங்கள். இதை அவருக்குப் படித்துக் காட்டு. மூன்றாம் வகுப்போடு நின்றவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அங்கே பனிக்காலமே முடிந்துவிடும்.

அக்கா

*

சோனமார்க்
13 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

கடிதம் வந்தது. திட்டு உள்பட எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். திட்டு வரும் இடத்தில் மட்டும் மறுபடி படி என்றார். இரண்டு தரம் படித்தேன்.

எங்கள் நிலைமை இதுதான். கார்கிலுக்குப் போகிற வழியில் ஒரு கணவாய் இருக்கிறது. பனி கொட்டினால் அதை மூடிவிடுகிறார்கள். திறந்தாலும் முதலில் ராணுவ வண்டி, அப்புறம் கேஸ் லாரி, அப்புறம் அரிசி லாரி. கல் யானைக்கு என்ன அவசரம் என்று எங்களைக் கடைசியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருநூறு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. செங்கல்பட்டு வண்டி நம்முடையது ஒன்றுதான்.

மச்சான் நாக்பூர் வரைக்கும் பனியனோடு ஓட்டினார். ஜான்சியில் சட்டை போட்டார். பதான்கோட்டில் இரண்டு ஸ்வெட்டர். பெரிய டனலைத் தாண்டியதும் என் போர்வையும் அவருடையது ஆகிவிட்டது. முதல் பனி விழுந்த அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கீழே இறங்கி, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார். இனாயாவுக்கு என்று ஒரு தண்ணீர் பாட்டிலில் பனியை அடைத்து வைத்திருக்கிறார். ஊர் போவதற்குள் தண்ணீராகிவிடும் என்றால், 'ஆவட்டும், பனித் தண்ணின்னு சொல்லிக்கலாம்' என்கிறார். தினமும் காலையில் மேலே ஏறி யானைகளின் முதுகிலிருந்து பனியைத் தள்ளிவிடுகிறார். நம்ம ஊர் வெயிலில் நின்ற யானைக்குக் குளிராதா என்று கேட்கிறார்.

குளிரைப் பற்றி எழுதினால் நம்பமாட்டாய். காலையில் டீசல் மெழுகு மாதிரி உறைந்துவிடுகிறது. டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டி இளக்குகிறோம். கேபினுக்குள் சின்ன இரும்பு அடுப்பில் கரி போட்டுக் காய்கிறோம். ஜன்னல் கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் அளவுக்கு எப்போதும் திறந்து வைக்க வேண்டுமாம், சாப்பாட்டுக் கடைக்காரர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஏதோ புகை போகவேண்டும் என்கிறார். கரியில்தான் புகையே இல்லையே, என்ன புகையோ. நான் திறப்பேன், மச்சான் மூடுவார். இதே சண்டைதான்.

உன் துணிப் பட்டைகளில் ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார். மற்றது தலையணைக்கு அடியில் இருக்கிறது. யாரும் தொடக்கூடாதாம்.

தம்பி சைஃபுல்லா

*

சதுரங்கப்பட்டினம்
21 டிசம்பர் 2024

சைஃபுல்லா,

உனக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா? உறைகிற குளிரில் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பவனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்தக் கடைக்காரர் அந்த ஊர்க்காரர். அவர் உடம்பு அந்தக் குளிரில் ஊறின உடம்பு. உன் மச்சான் கடற்கரையில் பிறந்தவர். கார்த்திகை மழைக்கே மூக்கில் தண்ணீர் வடியும், மார்சளி கட்டி ஒரு வாரம் படுப்பார். போனில் பேசும்போதே இருமினார், நான் கேட்டேன். புகை இல்லாத கரிக்கு எதற்கடா ஜன்னல்?

நான் கிழித்து அனுப்பியது தலையணைக்கு அடியில் வைத்து அழகு பார்க்கவா? இதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டு: 'நான் சொல்றேன். கண்ணாடிய மூடிட்டு, இடுக்குல துணிய வெச்சி அடச்சிகினு தூங்கு. சைஃபு பேச்சு கேக்காதே. எனக்கு நீ உசுரோட வோணும்.' ஒரு வார்த்தை விடாமல் படி. என் மேல் ஆணை.

இனாயா தினமும் பனி வந்துவிட்டதா என்று வாசலில் போய்ப் பார்க்கிறாள்.

அக்கா

*

சோனமார்க்
9 ஜனவரி 2025

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. போனில் நான் சொன்னது உன் காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை. அம்மாவின் அலறல்தான் கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது. அன்றிலிருந்து என் போனை யாரும் எடுப்பதில்லை.

ஒன்றாம் தேதி மத்தியானம் டீசல் ஃபில்டர் வாங்க நான் கங்கன் என்ற ஊருக்குக் கீழே போனேன். பனி கொட்டி ரோடு மூடிவிட்டது. திரும்ப முடியவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மச்சான் எழுந்திருக்கவில்லை. போகும்போது இரண்டு கம்பளியையும் நான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன் அக்கா. திறந்த ஜீப்பில் குளிரும் என்று. கரியும் தீர்ந்துபோயிருக்கிறது. குளிரில்தான் போய்விட்டார். என்னால்தான்.

மையித்தை ஊருக்குக் கொண்டுவர எல்லா வழியும் பார்த்தேன். ஓனர் கிருபாகரன் அண்ணனும் செங்கல்பட்டிலிருந்து யார் யாருக்கோ போன் போட்டார். கீழே போகும் ரோடும் மறுபடி அடைத்துவிட்டது. போலீஸ், ஆஸ்பத்திரி வேலை எல்லாம் முடியவே மூன்று நாள் ஆகிவிட்டது. இனியும் வைத்திருக்கக்கூடாது என்று இங்கே பள்ளிவாசலில் சொன்னார்கள். நானே குளிப்பாட்டினேன். வெந்நீரில்தான். கபர் தோண்ட மண்ணின் மேல் நெருப்புப் போட்டு, இளகியபின் கடப்பாரையால் குத்தினார்கள். முன்பின் தெரியாத டிரைவர்கள் நூறு பேர் வந்து தொழுதார்கள்.

முகத்தைப் பார்க்கவில்லையே என்று நீ துடிப்பாய். முகம் நல்லாவே இருந்தது அக்கா. கன்னமெல்லாம் சிவந்து, இப்போதுதான் தூங்கினவர் மாதிரி இருந்தார். கஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை.

சைஃபுல்லா

*

சதுரங்கப்பட்டினம்
20 ஜனவரி 2025

இதற்கு மேல் உனக்குப் பெயர் போட்டு எழுத எனக்கு மனசில்லை.

இரண்டு கம்பளி. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாய். ஒன்றை விட்டுவிட்டுப் போக உனக்குத் தோன்றவில்லை. உன் குளிர் பெரிது, அவர் குளிர் சின்னது. இதைத்தான் நான் காலையிலிருந்து ராத்திரி வரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு வேலை எனக்கு இல்லை. இத்தா இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் இந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டை கொடியில் தொங்குகிறது. அம்மா துவைக்கப் போனாள், நான் விடவில்லை.

இனாயாவுக்கு நாலு வயது. 'வாப்பா பனிலயே கீறாரா' என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொன்னேன். பொய் இல்லைதானே.

எனக்கு ஒரு கபர்கூட இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்தால் அந்தப் பக்கம் காற்று வருகிறது என்றாவது நினைத்துக்கொள்வேன். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பெயர் தெரியாதவர்கள் நடுவில் அவரைப் பனிக்கு அடியில் வைத்துவிட்டு நீ எனக்கு முகம் சிவந்திருந்தது என்று எழுதுகிறாய்.

நீ இந்த வாசலில் கால் வைக்காதே. அம்மா கூப்பிட்டாலும் வராதே. போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஷாஹிதா

*

கங்கன்
2 பிப்ரவரி 2025

அக்கா,

நீ எழுதியது அத்தனையும் சரி. அதற்கு மேலும் எழுது. நான் வாங்கிக்கொள்கிறேன்.

கணவாய் இரண்டு நாள் திறந்தது. யானைகளை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டார்கள். நம் வண்டியையும் போலீஸ் விட்டுவிட்டது. கிருபாகரன் அண்ணன் வேறு டிரைவரை அனுப்பி எடுத்துக்கொண்டார். 'நீயும் ஏறிக்கினு வா சைஃபு' என்றார். நான் ஏறவில்லை. எங்கே வருவது? இங்கே ரோட்டில் பனி அள்ளுகிற வேலையில் சேர்ந்திருக்கிறேன். காலையில் அள்ளிப் போட்டதை மத்தியானத்துக்குள் வானம் திரும்பக் கொட்டிவிடுகிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமைதோறும் மேலே சோனமார்க்குக்கு ஏறிக் கபருக்குப் போகிறேன். எது அவருடையது என்று தெரியாத அளவுக்குப் பனி மூடிவிடுகிறது. தலைமாட்டில் ஒரு இரும்புக் கம்பி நட்டு வைத்திருக்கிறேன். அதைத் தேடிப்பிடித்து, கையாலேயே பனியைத் தள்ளிவிடுகிறேன். அவர் யானைக்குத் தள்ளின மாதிரி.

ராத்திரியில் எனக்குத் தூக்கம் இல்லை. நான் அன்றைக்குக் கீழே போகாமல் இருந்திருக்கலாம். ஃபில்டரை மறுநாள் வாங்கியிருக்கலாம். இது ஒன்றுதான் தலைக்குள் ஓடுகிறது. சில நாள் கணவாய்ப் பக்கம் அப்படியே நடந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. போகமாட்டேன், பயப்படாதே. வெள்ளிக்கிழமை பனி தள்ள ஆள் வேண்டும்.

சைஃபுல்லா

*

சதுரங்கப்பட்டினம்
14 பிப்ரவரி 2025

சைஃபுல்லா,

உன் கடைசிக் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்படி எல்லாம் எழுதாதே. நான் வரவேண்டாம் என்றுதான் சொன்னேன், சாகச் சொல்லவில்லை.

இப்போது எழுதுவது வேறு காரியம். எதிர் வீட்டு ஜாய்ஸ் உனக்குத் தெரியும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் இறங்கியதும் நேராக என்னிடம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். நேற்று உன் ஜனவரிக் கடிதத்தை அவளிடம் காட்டினேன். முகம் சிவந்திருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். மறுபடி படித்தாள். 'வண்டியில கரி அடுப்பு வெச்சிருந்தாங்களாக்கா?' என்றாள். ஆமாம் என்றேன். 'ஜன்னல் மூடியிருந்துதா?' என்றாள். ஏன் கேட்கிறாய் என்றால் பதில் சொல்லமாட்டேன் என்கிறாள். குளிரில் போனவர்களுக்கு எப்போதும் அப்படிச் சிவந்திருக்காது என்று மட்டும் வாயைவிட்டுவிட்டாள். அப்புறம் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். அவள் வீட்டில் அந்த நேரத்தில் பால் ஏது?

நான் நேற்றிலிருந்து படுக்கவில்லை. டிசம்பரில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். அதற்கு நான் எழுதிய பதிலும் ஞாபகம் வந்தது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்குக் கண்ணாடி திறந்திருந்ததா? நான் இரண்டாவதாக எழுதின கடிதம் உனக்கு வந்ததா? உண்மையைச் சொல். என் தலையில் அடித்துக் கேட்கிறேன்.

அக்கா

*

கங்கன்
25 பிப்ரவரி 2025

அக்கா,

கண்ணாடி திறந்துதான் இருந்தது. இரண்டு விரல். நானே பார்த்தேன்.

உன் இரண்டாவது கடிதம் எனக்கு வரவே இல்லை. பனியில் தபால் பை எங்கோ போயிருக்கும்.

ஜாய்ஸுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்? கம்பளியை எடுத்துக்கொண்டு போனவன் நான். இதை இத்தோடு விட்டுவிடு. நோன்பு வருகிறது, சரியாகச் சாப்பிடு.

சைஃபுல்லா

*

சதுரங்கப்பட்டினம்
14 மார்ச் 2025

என் தம்பிக்கு,

நேற்று கிருபாகரன் அண்ணன் மனைவி வரலட்சுமி வந்திருந்தார்கள். இன்ஷூரன்ஸுக்கு என்று போலீஸ், ஆஸ்பத்திரித் தாள்களின் நகலைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். ஜாய்ஸைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். வேண்டாம் அக்கா என்றாள். படித்தால்தான் நான் நோன்பு திறப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கரியிலிருந்து வரும் வாயுவில்தான் உயிர் போயிருக்கிறது. அதற்கு நிறமும் இல்லையாம், வாசனையும் இல்லையாம். கடைக்காரர் சொன்ன புகை அதுதான். முகம் சிவந்ததும் அதனால்தானாம். கேபினில் இரண்டு கம்பளி இருந்ததாம், இரண்டும் அவர் மேல்தான் கிடந்ததாம். கண்ணாடிகள் முழுக்க மூடியிருந்தன. இடுக்குகளில் பச்சை நிறத் துணிப் பட்டைகள், ஏழு.

ஜாய்ஸ் ஏழு என்றதும் நான் வாய்விட்டு எட்டு என்றேன். எட்டு அனுப்பினேன், எட்டாவது எங்கே என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அம்மா வந்து என் வாயைப் பொத்தினாள்.

நான்தான் சைஃபு. புடவையைக் கிழித்ததும் நான், அடைக்கச் சொன்னதும் நான். உன் பேச்சைக் கேட்காதே என்று சொன்னதும் நான்தான். காற்று உள்ளே வராமல் இருந்தால் பிள்ளை பிழைக்கும் என்பது ஒன்றுதான் இந்தக் கடற்கரையில் நமக்குத் தெரியும். காற்று இல்லாமலும் ஆள் சாவான் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஒருவர் சொன்னார், அந்தக் கடைக்காரர். அவரையும் நான் கிண்டல் செய்து எழுதினேன். எனக்கு நீ உயிரோடு வேண்டும் என்று எழுதி, அந்தக் கையாலேயே கொன்றுபோட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? இப்போதெல்லாம் நான் எந்த ஜன்னலையும் மூடுவதில்லை. உப்புக் காற்றில் பாத்திரமெல்லாம் கறுத்துப்போகிறது என்று அம்மா கத்துகிறாள். கத்தட்டும்.

நீ பொய் சொன்னாய். நான் திட்டத் திட்ட வாங்கிக்கொண்டு, இல்லாத கம்பளியைக் கட்டிக்கொண்டு அந்தப் பனியில் இரண்டரை மாதம் நின்றிருக்கிறாய். உன்னை நான் என்னவெல்லாம் எழுதினேன். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

நீ கிளம்பி வா. இத்தா மே பத்தாம் தேதி வாக்கில்தான் முடியும், அதுவரை என்னால் உன்னைத் தேடி வர முடியாது. நீ வரலாம். பெருநாளைக்குள் வந்துவிடு. அந்தக் கடைக்காரரிடம் என் ஸலாத்தைச் சொல். வெள்ளிக்கிழமை பனி தள்ள அவரிடம் சொல்லிவிட்டு வா, கம்பி நட்ட இடத்தைக் காட்டிக் கொடு. எட்டாவது பட்டை அவர் கழுத்தில் இருந்தது, அது எனக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்தது. குளிப்பாட்டினவன் நீ. அது உன்னிடம்தான் இருக்கும். கொண்டு வா. பனித் தண்ணி பாட்டில் இருந்தால் அதையும் கொண்டு வா. இனாயா இன்னும் கேட்கிறாள்.

என் இரண்டாவது கடிதமும் உன்னிடம்தான் இருக்கிறது. தொலைந்துபோனது என்று மறுபடி எழுதாதே. ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டு, என் மேல் ஆணை என்று எழுதியிருந்தேன். நீ படித்துத்தான் காட்டியிருப்பாய். அதையும் எடுத்து வா. என் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு எப்படிப் படித்தாயோ அப்படியே எனக்கு ஒருமுறை படி. 'எனக்கு நீ உசுரோட வோணும்' என்கிற இடம் வந்தபோது அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா